கட்டுக்குள் இருந்தது யார் கால்?

காளை அவரை முட்டவில்லை. கேட்கிறவர்கள் மனத்தில் முட்டியதாகவே பதிந்துவிடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1974 ஆகஸ்டில், நார்வேயின் ஹார்டாங்கர் ஃபியோர்டுக்கு மேலே உள்ள ஒரு மலையில் ஆலிவர் சாக்ஸ் தனியாக ஏறிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு வேலி. அதன் கதவில் காளை ஜாக்கிரதை என்று நார்வே மொழியில் ஒரு பலகை. படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காளை ஒரு மனிதனைத் தூக்கி எறியும் படமும் இருந்தது. இவ்வளவு உயரத்தில் காளைக்கு என்ன வேலை, ஊர்க்காரர்களின் குறும்பு என்று சிரித்துக்கொண்டே கதவைத் தாண்டிப் போனார். ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினால், பாதையை அடைத்துக்கொண்டு காளை உட்கார்ந்திருந்தது. மெல்லத் திரும்பி நடந்தவரின் நடை, சில அடிகளிலேயே ஓட்டமாயிற்று. சேறும் வழுக்கலுமான இறக்கம். பயத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி விழுந்தவர் கண் திறந்தபோது, இடது கால் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

சாக்ஸுக்கு அப்போது வயது 41. லண்டனில் பிறந்தவர். அப்பா பொது மருத்துவர், அம்மா அறுவை மருத்துவர். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவராக இருந்தார். 1920களின் தூக்கக் காய்ச்சலுக்குப் பிறகு பல பத்தாண்டுகளாகச் சிலைபோல உறைந்து கிடந்த நோயாளிகளுக்கு 1969இல் எல்-டோபா மருந்து கொடுத்து, அவர்கள் எழுந்ததையும் மறுபடி சரிந்ததையும் பதிவு செய்தவர். நோயாளி சொல்வதைப் பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதுவதே அவருடைய வழி. ஆகையால் அவருக்கு நேர்ந்ததில் ஒரு விசித்திரமான பொருத்தம் உண்டு.

மலையில் விழுந்த முதல் சில நிமிடங்களில் அவர் இன்னும் மருத்துவர்தான். உட்கார்ந்து தன் காலைத் தானே சோதித்தார். எதிரே மாணவர்கள் நிற்பதுபோல மனத்துக்குள் பாடம் நடத்தினார்: தொடைத் தசையில் அசைவில்லை, முழங்கால் முன்னும் பின்னும் தளர்ந்து ஆடுகிறது, தசைநாண் அறுந்திருக்க வேண்டும். நல்ல கேஸ். பாடம் முடிந்ததும்தான், அந்த கேஸ் தாமே என்பதும், மலையில் வேறு ஆளே இல்லை என்பதும், ராத்திரி குளிரில் கிடந்தால் பிழைக்க முடியாது என்பதும் உறைத்தன.

அறுந்தது எது என்று சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்கிறோம். அந்த ஜவ்வு பெரும்பாலும் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார். சாக்ஸுக்கு அறுந்தது தசையை எலும்போடு கட்டும் நாண். தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் ஒன்றுசேர்ந்து ஒரு தடித்த நாணாகி முழங்கால் சில்லின் மேல் விளிம்பில் வந்து பற்றுகின்றன. நாற்காலியிலிருந்து எழுவது, படி இறங்குவது, மடங்கிய காலை நீட்டுவது எல்லாம் இந்த நாண் இழுப்பதால் நடப்பவை. விழப்போகிறவர் விழாமலிருக்கத் தொடையை இறுக்குகிறார். அதே கணத்தில் உடம்பின் முழு எடையும் மடங்கிய முழங்காலின் மேல் இறங்குகிறது. நாண் சில்லிலிருந்து பிய்ந்துகொள்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. நரம்பும் தோலும் நன்றாக இருந்தாலும், மல்லாந்து படுத்துக் காலை நேராகத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது.

கையிலிருந்த குடையைச் சிம்பாக வைத்து, மழைச்சட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டார். உட்கார்ந்த நிலையில் கைகளை ஊன்றி, பின்புறத்தால் நகர்ந்து நகர்ந்து மணிக்கணக்கில் இறங்கினார். தோள் அசையவே மறுத்தபோது வோல்கா படகோட்டிகளின் பாட்டு வாயில் வந்தது. பாட்டின் தாளத்துக்கு உடம்பு தானாக நகர்ந்தது. ஏற்றம் இறைப்பவர் பாடிக்கொண்டே இறைத்த நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாத பார்க்கின்சன் நோயாளிகள் இசை கேட்டதும் நடந்ததை அவர் பிராங்ஸில் பார்த்திருந்தார். அந்தியில் கலைமான் வேட்டைக்கு வந்த தந்தையும் மகனும் அவரைக் கண்டெடுத்தார்கள்.

கீழே ஓடா என்ற சிற்றூரின் மருத்துவமனையில் ஒரு சின்ன சம்பவம். இளம் மருத்துவர் ஒருவர் அறைக்குள் வந்து, குதித்து, துள்ளி, ஆடிக் காட்டினார். பிறகு தன் காலில் இருந்த தழும்புகளைக் காட்டினார். அவரும் இப்படி அடிபட்டு எழுந்தவர். ஆறுதல் வார்த்தை அதிகம் பேசவில்லை, புள்ளிவிவரம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் மருத்துவராகவும் நோயாளியாகவும் ஒருவரே இருக்க முடியும் என்பது சாக்ஸுக்கு அந்த ஆட்டத்தில் புரிந்தது. இந்த ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு அறுவை நடந்தது. நாணை மறுபடி சில்லோடு சேர்த்துத் தைத்து, கால் முழுக்க மாவுக்கட்டு போட்டார்கள். அறுவை வெற்றி, அதில் யாருக்கும் ஐயமில்லை, சாக்ஸுக்கும்தான். ஆனால் பிசியோதெரபிஸ்ட் வந்து தொடையை இறுக்கச் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. பலம் குறைவு என்றால் ஏதாவது முயற்சியாவது தெரியும். இங்கே முயற்சி செய்வது எப்படி என்பதே மறந்துபோயிருந்தது. எந்தச் சுவிட்சைத் தட்ட வேண்டும் என்று தெரியாமல் இருட்டில் சுவரைத் தடவுகிறவனின் நிலை.

பிறகு இன்னும் கெட்டது. ஒரு நர்ஸ் வந்து, காலை இப்படிக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறீர்களே, உள்ளே எடுங்கள் என்கிறார். கால் கட்டிலின் நடுவில் நேராக இருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பார்த்தால், பாதிக்கு மேல் வெளியே சரிந்திருக்கிறது. மாவுக்கட்டுக்குள் இருந்த பொருள் அவருக்கு அன்னியமாகிவிட்டது. மரத்துப்போன கால் நம் எல்லோருக்கும் பழக்கம். சப்பணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் சில நிமிடம் கால் கட்டைபோல இருக்கும். அப்போதும் அது நம் கால்தான், கூப்பிட்டால் வராத நம் கால். சாக்ஸுக்கோ அது தம்முடையது என்ற எண்ணமே போயிற்று. அங்கே கால் என்று ஒன்று இருந்த நினைவுகூட மங்கிற்று.

படித்த நாளில் அவர் ஒரு நோயாளியைப் பார்த்திருக்கிறார். யாரோ வெட்டிய காலைத் தன் படுக்கையில் போட்டுவிட்டதாகக் கூச்சலிட்டு, அதைத் தூக்கி வெளியே எறிந்தான் அவன். எறிந்த காலோடு அவனும் தரையில் விழுந்தான். அது அவனுடைய சொந்தக் கால். அன்று வியப்போடு பார்த்தவர் இன்று பயத்தோடு நினைத்துப் பார்த்தார். அவன் கதை மூளை சார்ந்தது. இவருக்கோ அடிபட்டது முழங்கால். தமக்கும் மூளையில் ஏதோ ஆகிவிட்டதோ?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அறுவை மருத்துவரின் ரவுண்ட்ஸுக்காகக் காத்திருந்தார். அவர் வந்தார், பின்னால் உதவியாளர் கூட்டம். சாக்ஸ் சொல்லத் தொடங்கினார். ஒன்றுமில்லை, நாண் சேர்ந்துவிட்டது, கவலைப்பட எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பெரியவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். சந்திப்பு முடிந்தது.

நம் மருத்துவமனைகளிலும் 'ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்' என்பது அன்பாகச் சொல்லப்படும் சொல்தான். அதைக் கேட்கத்தான் பலரும் வரிசையில் நிற்கிறார்கள். அதே சொல் கதவைச் சாத்தவும் செய்யும் என்பதை மருத்துவரான ஒருவர், தம் மொழியையே பேசும் இன்னொரு மருத்துவரிடம் உணர்ந்தார். படிப்பும் பட்டமும் அங்கே உதவவில்லை. கட்டிலில் படுத்திருப்பவரும் நின்று பேசுகிறவரும் என்ற ஏற்பாடு அவற்றைவிடப் பலமானது. சொந்த உடுப்பைக் கழற்றி மருத்துவமனை உடுப்பைப் போடுவது, பெயருக்குப் பதில் எண்ணாவது, தம்மைப் பற்றித் தம் தலைக்கு மேலே மற்றவர்கள் பேசுவது ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் பிறருக்கு நடப்பதாகப் பார்த்தவர் அவர். அவை என்ன செய்கின்றன என்பது படுத்த பிறகே தெரிந்தது.

அறுவை மருத்துவரை வில்லனாக்குவது சுலபம். நான் அதைச் செய்ய விரும்பவில்லை. அவருடைய பார்வையில் கால் என்பது எலும்பு, நாண், தையல். அந்த மூன்றும் சரியாக இருந்தன. 'என் கால் காணாமல் போய்விட்டது' என்ற வாக்கியத்தை எழுத கேஸ் ஷீட்டில் கட்டமே கிடையாது.

அப்படியொரு கட்டம் வேறிடத்தில் இருந்தது. நம் கை கால் எங்கே இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரிகிறதல்லவா? தசையிலும் நாணிலும் மூட்டிலும் உள்ள உணரிகள் இடைவிடாமல் மூளைக்குச் செய்தி அனுப்புவதால் அது தெரிகிறது. 1906இல் ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் இந்த உணர்வுக்கு 'புரோப்ரியோசெப்ஷன்' என்று பெயரிட்டார். ஐம்புலன்களுக்கு அடியில் ஓசையின்றி ஓடும் ஆறாவது என்று கொள்ளலாம். இந்தச் செய்திகளை வைத்து மூளை உடம்பின் வரைபடம் ஒன்றை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது என்ற கருத்தை 1911இல் நரம்பியல் மருத்துவர்கள் ஹென்றி ஹெட்டும் கோர்டன் ஹோம்ஸும் வளர்த்தார்கள். நாண் அறுந்து, தசை துவண்டு, மாவுக்கட்டுக்குள் அசைவே இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால் ஒரு காலிலிருந்து வரும் செய்தி வற்றிப்போகிறது. அப்போது வரைபடத்தில் அந்த இடம் வெற்றாகிவிடும் என்பதுதான் சாக்ஸ் பிற்பாடு முன்வைத்த விளக்கம். அடிபட்டது முழங்காலில், அழிந்தது தலைக்குள்.

தேடியபோது முன்னோடிகள் கிடைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்த சைலஸ் வீர் மிட்செல், வெட்டப்பட்ட பிறகும் இருப்பதுபோலத் தோன்றும் கைகால்களுக்கு 1871இல் 'பேய் உறுப்பு' என்று பெயர் தந்தவர். அவரும் சகாக்களும் 1864லேயே, அடிபட்ட வீரர்களுக்குக் காயத்தின் அளவோடு பொருந்தாத செயலிழப்பு வருவதை எழுதியிருந்தார்கள். முதல் உலகப்போரில் நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி பிரான்ஸில் இதையே கண்டார். பேய் உறுப்பில் கால் போய் உணர்வு மிஞ்சுகிறது. சாக்ஸுக்குக் கால் மிஞ்சி உணர்வு போயிற்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியை வைத்து இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். சில நோயாளிகளுக்கு இல்லாத கை அசைந்தது, இறுக்கம் விட்டது. உடம்பின் வரைபடம் நாம் நினைத்ததைவிட எளிதில் மாறக்கூடியது என்பதற்கு அந்தப் பெட்டியைவிட மலிவான சான்று கிடையாது.

மாஸ்கோவில் இருந்த நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவுக்குச் சாக்ஸ் கடிதம் எழுதினார். பதில் வந்தது. இத்தகைய நிலைகள் பரவலாக இருக்கலாம், எழுதி வைப்பதுதான் அரிது. நீங்கள் எழுதுங்கள், கைகால் காயங்களை மிருக வைத்தியம்போலப் பார்க்கும் பழக்கம் கொஞ்சமாவது மாறட்டும் என்ற பொருளில் லூரியா எழுதினார். மிருக வைத்தியம் என்ற அந்தச் சொல் கடுமையானதுதான். மாட்டுக்குக் கால் ஒடிந்தால் மாட்டிடம் ஒன்றும் கேட்க முடியாது, காலைத்தான் பார்க்க முடியும். மனிதரிடம் கேட்கலாம்.

கால் திரும்பி வந்த விதம் வருணிக்கத் தக்கது. முதலில் அவர் கேட்காமலே தசையில் மின்னல்போலச் சில துடிப்புகள். ஒரு நண்பர் கொண்டுவந்த ஒலிநாடாவில் மெண்டல்சனின் வயலின் கச்சேரிப் படைப்பு இருந்தது, ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பிசியோதெரபிஸ்ட்டுகள் தாங்கிப் பிடித்து, அவரை முதல்முறை எழுந்து நிற்க வைத்தார்கள். ஊன்றியபோது கீழே இருந்த கால் ஒரு கணம் மைல் நீளம் போலவும் மறுகணம் விரல்நீளம் போலவும் மாறி மாறித் தெரிந்தது. புது டிவி அலைவரிசை தேடுவதுபோல மூளை அளவு தேடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றும். சாக்ஸ் அதை அளவிடும் கருவி ஒன்று தன்னைச் சரிசெய்துகொள்வதாகவே விவரித்தார். ஒவ்வொரு அடியையும் கணக்குப் போட்டு, பொம்மையை இயக்குவதுபோல நடந்தார். திடீரென்று அந்த வயலின் இசை மனத்துக்குள் ஒலித்தது. அந்தக் கணத்தில் நடை தானாக வந்தது, காலும் தம்முடையதாயிற்று. மலையில் படகோட்டிப் பாட்டு செய்ததை இங்கே வயலின் செய்தது.

அடுத்து லண்டனின் வடக்கே உடல் தேறுவோருக்கான இல்லம். எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே எலும்பு முறிந்தவர்களும் அறுவை முடிந்தவர்களுமான சக நோயாளிகளிடம் அவர் பேச்சுக் கொடுத்தார்: உங்கள் கை, கால் உங்களுடையது இல்லை என்று எப்போதாவது தோன்றியதா? பலர் ஆமாம் என்றார்கள். மருத்துவரிடம் சொன்னீர்களா என்றால், சிலர் சொல்லிப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். சிலர் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை. அவர் மருத்துவராக மட்டும் அந்த இல்லத்துக்குள் போயிருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது. ஊன்றுகோலோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் கிடைத்தது.

ஆனாலும் நடை முழுதாகச் சீராகவில்லை. குணமான காலையும் மாவுக்கட்டுக்குள் இருப்பதுபோல விறைப்பாக வைத்தே நடந்தார். இன்னொரு மூத்த மருத்துவர் அதைக் கண்டுகொண்டு, பிடித்தமான செயல் எது என்று கேட்டார். நீச்சல் என்றார் சாக்ஸ். அந்த மருத்துவர் அனுப்பிய நீச்சல் குளத்தில் இருந்த இளைஞன் அவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, முடிந்தால் பிடியுங்கள் என்று நீந்தினான். விரட்டிக்கொண்டு நீந்திக் கரையேறியவர் இயல்பாக நடந்தார்.

இந்தக் கடைசிக் காட்சி ஒரு சங்கடமான கேள்வியைக் கொண்டுவருகிறது. தள்ளிவிட்டதும் சரியாகிற கால் உண்மையில் கெட்டிருந்ததா? சாக்ஸ் 1984இல் இதை நூலாக வெளியிட்டபோதே எல்லா நரம்பியலாளர்களும் அவருடைய விளக்கத்தை ஏற்கவில்லை. 2012இல் எடின்பரோவைச் சேர்ந்த நரம்பியலாளர் ஜான் ஸ்டோனும் இரு சகாக்களும் ஒரு மருத்துவ இதழில் அவருடைய வாக்குமூலத்தை மறுபடி அலசினார்கள். அவர்களுடைய முடிவு: இது செயல்சார் செயலிழப்பு. நரம்பில் அறுப்பில்லை, மூளையில் கட்டியில்லை. ஆனால் இயக்கத்தைத் தொடங்கும் வழி அடைபட்டுவிடுகிறது. பழைய நாளில் ஹிஸ்டீரியா என்று ஒதுக்கப்பட்ட நிலை. காயமும் வலியும் அதிர்ச்சியும் இதைத் தூண்டுவது அறியப்பட்டதே. கவனத்தைக் காலின் மீது குவிக்கக் குவிக்க முடங்குவதும், கவனம் வேறெங்கோ போகும்போது விடுபடுவதும் இதன் அடையாளம். பாட்டு, வயலின், குளம் மூன்றும் இந்த விளக்கத்துக்குள் நன்றாகவே பொருந்துகின்றன.

எது சரி? இரண்டுக்கும் நடுவில் உடலியல் ஒன்றும் நிற்கிறது. மூட்டு வீங்கினால் தண்டுவட அளவிலேயே தொடைத் தசைக்குப் போகும் கட்டளை அடக்கப்படுகிறது. ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்தினாலே தசை தளர்வதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. முழங்கால் அறுவைக்குப் பின் நம் ஊர் பிசியோதெரபிஸ்ட் முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, 'துண்ட அழுத்துங்க, சில்லு மேல ஏறுதா பாருங்க' என்று முதல் நாளே தொடங்குவது இதனால்தான். தூங்கிய தசையை எழுப்புகிறார். சாக்ஸின் காலில் இந்த அடக்கமும், செய்தி வற்றிய வரைபடமும், பயமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். இன்று இத்தகைய நாண் அறுவைக்குப் பின் கீல் வைத்த பிரேஸ் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மடக்க விடுவது பரவலாகிவிட்டது. அசைவே இல்லாத மாவுக்கட்டுக்குள் நெடுநாள் கிடப்பது குறைந்திருக்கிறது.

2012இன் வாசிப்பு சாக்ஸை மட்டம் தட்டுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது அவருடைய புகாரை இன்னும் கனமாக்குவதாகத் தெரிகிறது. ஏனென்றால், செயல்சார் செயலிழப்பு என்றால் மருத்துவர் என்ன சொல்கிறார் என்பதே மருந்தின் முதல் வேளை. ஒன்றுமில்லை என்பது அங்கே உடற்கூற்றின்படி சரியான பதில், மருத்துவத்தின்படி மோசமான பதில். இப்போது இந்த நோயைப் பார்க்கிறவர்கள் வேறுவிதமாகத் தொடங்குகிறார்கள். 1908இல் ஹூவர் என்ற மருத்துவர் விவரித்த ஒரு சோதனை இருக்கிறது. நோயாளி படுத்திருக்க, முடங்கிய காலின் குதிகாலுக்கு அடியில் மருத்துவர் கையை வைத்து, அழுத்துங்கள் என்கிறார். வராது. இப்போது மற்ற காலைத் தூக்குங்கள் என்கிறார். நல்ல கால் மேலே போகும்போது முடங்கிய கால் தன்னையறியாமல் கீழே அழுந்துகிறது. முன்பெல்லாம் இதை மருத்துவர் தமக்குள் குறித்துக்கொண்டு, நடிப்போ என்று சந்தேகப்படுவார். ஸ்டோன் போன்றவர்கள் இதை நோயாளிக்கே காட்டச் சொல்கிறார்கள். உங்கள் கையை வைத்துப் பாருங்கள், அழுத்துவது தெரிகிறதா, நீங்கள் சொல்வது நிஜம், ஆனால் வழி அறுந்துபோகவில்லை. நோயாளி தன் தொடைக்கு அடியில் தானே கையை வைத்துப் பார்க்கிறார்.